சஸ்பென்ஷனை இறக்கியாச்சு, சைடு ஸ்டாண்டில் வண்டி நெட்டுக்குத்தா நிக்குது: ஸ்டாண்டை எவ்வளவு வெட்டணும்?

இரும்புக்குதிரை:

வணக்கம். பின்னாடி லோயரிங் லிங்க் (பின் சஸ்பென்ஷனைத் தாழ்த்துற இணைப்புத் துண்டு) மாட்டி 35 மி.மீ. இறக்கியிருக்கு. முன்னாடி ஃபோர்க் குழாயை ட்ரிபிள் கிளாம்புக்கு (ஃபோர்க்கைப் பிடிக்கிற கவ்விக்கு) மேல 20 மி.மீ. ஏத்தியிருக்கு. கால் நல்லா ஊணுது, அதுல குறை இல்லை. ஆனா சைடு ஸ்டாண்ட் போட்டா வண்டி கிட்டத்தட்ட நேரா நிக்குது. பின் பிரேக் டிஸ்க்கில் மொபைலை ஒட்டி வச்சுப் பார்த்தா சாய்வு 5.5 டிகிரிதான் காட்டுது. தரை கொஞ்சம் வலப்பக்கமா சரிஞ்சிருந்தா கையை எடுக்கவே பயமா இருக்கு.

அளவுகள்: வீல்பேஸ் (முன், பின் அச்சுக்கு நடுவுல தூரம்) 1400 மி.மீ. ஸ்டாண்டோட பிவட் போல்ட் (ஸ்டாண்ட் மடங்கிச் சுழல்ற போல்ட்), பின் அச்சிலிருந்து 600 மி.மீ. முன்னாடி இருக்கு. போல்ட் மையத்திலிருந்து பாதம் வரைக்கும் ஸ்டாண்ட் நீளம் 285. இரும்புக் குழாய், வெளிவிட்டம் 25, கீழ்ப்பாதி நேரா இருக்கு, அடியில தகட்டுப் பாதம் வெல்ட் பண்ணியிருக்கு. வண்டி எடை சுமார் 180 கிலோ. இறக்குறதுக்கு முன்னாடி சாய்வு எவ்வளவு இருந்ததுன்னு அளந்து வைக்கலை.

கேள்விகள்: 35 வெட்டணுமா, 20 வெட்டணுமா, நடுவுல ஏதாவதா? எந்த இடத்துல வெட்டணும்? வெட்டாம சமாளிக்க வழி இருக்கா? டபுள் ஸ்டாண்டும் இருக்கு, அதுல ஏத்த முன்னைவிட ரொம்ப பலம் வேண்டியிருக்கு. அதையும் குறைக்கணுமா?

கோணமானி:

35-ம் இல்லை, 20-ம் இல்லை. ஸ்டாண்ட் மாட்டியிருக்கிற இடத்துல சேஸி எவ்வளவு இறங்கிச்சோ, அதுதான் கணக்கு.

முதல்ல முன்பக்கம். குழாயை 20 ஏத்தினீங்க, ஆனா ஃபோர்க் சாய்வா இருக்கு. 25 டிகிரி சாய்வுன்னு வச்சா உண்மையான இறக்கம் 18 தான். பின்னாடி 35, முன்னாடி 18, வித்தியாசம் 17. பிவட், பின் அச்சிலிருந்து 1400-க்கு 600 தூரத்துல இருக்கிறதால அந்த 17-ல சுமார் 7 கழியும். ஆக பிவட் இறங்கினது 28 மி.மீ.

ஸ்டாண்ட் பாதம், டயர் தரையைத் தொடுற கோட்டிலிருந்து பக்கவாட்டில் சுமாரா 360 மி.மீ. தள்ளி இருக்கும். அந்த அகலத்துக்கு 28 மி.மீ. உயர வித்தியாசம்னா நாலரை டிகிரி. உங்க 5.5-ஓட 4.5 சேர்த்தா 10. ஆக பழைய சாய்வு ஏறக்குறைய 10 டிகிரியா இருந்திருக்கணும். பெரும்பாலான வண்டிகளுக்குப் பொருந்துற எண்ணும் அதுதான், அதனால 10-ஐயே இலக்கா வச்சுக்கலாம்.

5.5 ஏன் பயமா இருக்கு? வண்டியோட எடைமையம் தரையிலிருந்து 550 மி.மீ. உயரத்துல இருக்குன்னு வைங்க. 10 டிகிரி சாய்வுல அது டயர்க் கோட்டிலிருந்து 95 மி.மீ. இடப்பக்கம் தள்ளி நிக்கும். 5.5-ல வெறும் 53. தரையே வலப்பக்கம் ஐந்தரை டிகிரி சரிஞ்சிருந்தா அந்த 53-ம் காலி, ஸ்டாண்டுல பாரமே இருக்காது, ஒரு தட்டு தட்டினா போச்சு. அதுக்காக ரொம்பச் சாய விடவும் கூடாது. 10 டிகிரியில் ஸ்டாண்ட் தாங்குறது 48 கிலோ அளவு, 15 டிகிரியில் அது 70 கிலோவைத் தாண்டும். நிமிர்த்தும்போது கை சொல்லும், பிவட் போல்ட்டும் சீக்கிரம் தேயும். டேங்க் நிரம்பியிருந்தா மூடி ஓரமா பெட்ரோல் கசியும், கார்புரேட்டர் வண்டின்னா ஓவர்ஃப்ளோ வேற.

கணக்கெல்லாம் ஒரு திசை காட்டத்தான். வெட்டுற அளவை வண்டியிலேயே எடுங்க, பலகை வச்சு. இப்படி:

சமதளமான தரை. பாதத்துக்கு அடியில எதுவும் வேண்டாம், இரண்டு சக்கரத்துக்கு அடியிலும் ஒரே தடிமன் பிளைவுட் வைங்க. 6, 9, 12, 18 மி.மீ. துண்டுகள் இருந்தா எந்த அளவையும் சேர்த்துக்கலாம். ஸ்டாண்டைப் போட்டு, வண்டியை மெதுவா சாய விட்டு, ஹாண்டில்பாரை இடப்பக்கம் முழுசாத் திருப்பி (வழக்கமா நிறுத்துற மாதிரி), டிஸ்க்கில் கோணம் பாருங்க. 10 டிகிரி வர வரைக்கும் பலகையைக் கூட்டிக்கிட்டே போங்க. வலப்பக்கம் ஒரு ஆள் பிடிச்சிருக்கணும், கண்டிப்பா. 10 டிகிரி வந்தப்போ பலகை எவ்வளவு தடிமனோ, பாதம் அவ்வளவு மேலே போகணும்னு அர்த்தம். முன், பின் இறக்கம் எதுவுமே தெரியலைன்னாலும் இந்த முறை வேலை செய்யும்.

டிரம் பிரேக் வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு: பின் ரிம்மோட இடப்பக்க மேல் விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு நூலைத் தொங்க விடுங்க. கீழ் விளிம்புக்கும் நூலுக்கும் நடுவுல இடைவெளி அளங்க. 17 அங்குல ரிம்முக்கு 10 டிகிரின்னா சுமார் 75 மி.மீ., 6 டிகிரின்னா 45 மி.மீ. மொபைல் கோணமானியைவிட இது நம்பகமானது, பேட்டரியும் தீராது.

லேத்துப்பட்டறை:

அளவு விஷயத்துல மேல சொன்னது சரி. வெட்டுறதுல ஒரு நுணுக்கம் விட்டுப்போச்சு. பலகை அளவு செங்குத்து உயரம். ஸ்டாண்ட் செங்குத்தா நிக்கிறது இல்லை, வெளியேயும் விரிஞ்சிருக்கும், முன்னாடியும் சாய்ஞ்சிருக்கும். அதனால குழாயில வெட்டுற நீளம் பலகையைவிடக் கொஞ்சம் கூட வரும். 24 டிகிரி சாய்ஞ்ச குழாயில 27 மி.மீ. உயரம் குறையணும்னா 29.5 வெட்டணும்.

இதுக்கு போல்ட் மையத்திலிருந்து தரை வரைக்கும் உயரம் அளந்து, 285-ஐ அதால வகுத்து விகிதம் போடுவாங்க. ஸ்டாண்ட் முழுக்க நேரா இருந்தா சரி. வளைஞ்ச ஸ்டாண்டுக்குத் தப்பா வரும். எந்தத் துண்டை எடுக்கப் போறோமோ, அந்தத் துண்டோட சாய்வுதான் கணக்கு. வெட்டப் போற நேர்பகுதி மேலேயே மொபைலை நீளவாக்கில் வச்சுப் பாருங்க.

ஆனா கணக்குப்படி 29.5 வந்தா 29.5-ஐக் குறிக்காதீங்க. குழாயைச் சுருக்கும்போது பாதம் மேலே போறதோட உள்ளேயும் கொஞ்சம் நகரும். பாதம் உள்ளே வந்தா சாய்வு இன்னும் கூடும். அதனால 27 அல்லது 28 எடுத்தா போதும். குறைவா வெட்டினா திரும்ப வெட்டலாம்.

எங்கே வெட்டணும்னு கேட்டீங்க. பாதத்துக்குப் பக்கத்துல. ஸ்டாண்டுல வளைக்கிற விசை பாதத்துல கிட்டத்தட்ட ஒண்ணுமில்லை, மேலே போகப் போகக் கூடும். 48 கிலோ சுமைக்கு பாதத்திலிருந்து 70 மி.மீ. மேலே சுமார் 13 நியூட்டன் மீட்டர், பிவட்டுக்குப் பக்கத்துல 250 மி.மீ.-ல் 48 நியூட்டன் மீட்டர். வெல்டு எங்கே இருக்கணும்னு இதுலேயே தெரியுது. ஸ்பிரிங் கொக்கிக்கு மேல கையே வைக்கக் கூடாது. அங்கே நீளம் மாறினா ஸ்பிரிங் வடிவமே மாறிடும், ஸ்டாண்ட் பாதியில நிக்கும், இல்லைன்னா மடங்கின பிறகு தொங்கும்.

இன்னும் கீழே, பாதத் தகட்டையே கழட்டி, குழாய் நுனியைச் சுருக்கி, தகட்டைத் திரும்ப ஒட்டுறவங்களும் உண்டு. பலத்துக்கு அது இன்னும் நல்லது. ஆனா தகடு எந்தக் கோணத்துல உட்கார்ந்திருந்துச்சோ அதே கோணத்துல வைக்கிறது கஷ்டம். இரண்டு டிகிரி தவறினாலும் பாதம் ஒரு ஓரத்துல மட்டும் தரையைத் தொடும், வெயிலில் இளகின தார்ச்சாலையில அந்த ஓரம் கத்தி மாதிரி இறங்கிடும். 60 முதல் 80 மி.மீ. மேலே, நேர்பகுதியில, குழாய்க்குச் செங்குத்தா வெட்டுறது எளிது, கோணம் தானாகவே மாறாம இருக்கும்.

வேலை வரிசை:

ஸ்டாண்டை வண்டியிலிருந்து கழட்டிட்டு வெல்ட் பண்ணுங்க. வண்டியிலேயே வச்சு வெல்ட் பண்ணா மின்னோட்டம் பேரிங், வயரிங் வழியா சுத்திப் போகலாம், இசியூவுக்கு (எஞ்சினைக் கட்டுப்படுத்துற கணினிக்கு) ஆபத்து.

ஸ்பிரிங்கை முதல்ல எடுக்கணும். ஸ்டாண்டை மடக்குற வழியில ஸ்பிரிங் அதிகம் இழுபடுற ஒரு இடம் வரும். அங்கே ஒருத்தர் பிடிச்சுக்க, சுருள்களுக்கு நடுவுல வாஷர்களைச் சொருகுங்க, எல்லாச் சுருளிலும். அப்புறம் ஸ்டாண்டை முழுசா மடக்கினா ஸ்பிரிங் சுருங்க முடியாம தொளதொளன்னு வந்துடும். திரும்ப மாட்டும்போதும் அதே வாஷரோட மாட்டலாம். கண்ணாடி போட்டுக்குங்க, ஸ்பிரிங் நழுவினா முகத்துக்குத்தான் வரும்.

வெட்டுறதுக்கு முன்னாடி குழாய் நீளவாக்கில் ஒரு நேர்க்கோடு கீறுங்க, வெட்டப் போற இரண்டு இடத்தையும் தாண்டி. இதை மறந்தா திரும்பச் சேர்க்கும்போது பாதம் எந்தப் பக்கம் பார்த்துச்சுன்னே தெரியாது. வெட்டுக்கோடு நேரா வர, குழாயைச் சுத்தி ஒரு தாள் பட்டையைச் சுத்தி ஓரத்தை ஒட்டிக் குறிங்க. கட்டிங் வீல் 1 மி.மீ. தடிமன் எடுத்துக்கும். அந்த 1 மி.மீ. கழிவுத் துண்டுப் பக்கம் போகணும், வேலைத் துண்டுப் பக்கம் வரக் கூடாது.

உள்ளே ஒரு இரும்புக் கட்டை போடுங்க. குழாயோட உள்விட்டத்துக்கு இறுக்கமா உட்கார்ற மாதிரி கடைஞ்ச ராடு, 50 மி.மீ. நீளம், மேலே பாதி கீழே பாதி. கட்டை இல்லாம குழாயை முட்டு வெல்டு மட்டும் அடிச்சா, வெல்டு உள்ளே இறங்காத இடத்துல விரிசல் ஆரம்பிக்கும். இரண்டு துண்டிலும் வெட்டிலிருந்து 12 மி.மீ. தள்ளி ஒரு 8 மி.மீ. ஓட்டை போட்டு, அந்த ஓட்டை வழியா கட்டையையும் சேர்த்து வெல்டால நிரப்புங்க. வெட்டின விளிம்பு இரண்டையும் 30 டிகிரி சரிச்சு வி-பள்ளம் ஆக்குங்க, நடுவுல 2 மி.மீ. இடைவெளி விடுங்க. அந்த 2 மி.மீ. நீளத்துல சேரும்கிறதை மறக்காம கணக்குல எடுங்க.

பெயின்ட், குரோம், துத்தநாகப் பூச்சு எல்லாத்தையும் வெட்டிலிருந்து இரண்டு பக்கமும் 25 மி.மீ. வரைக்கும் தேய்ச்சு வெள்ளை இரும்பு தெரியணும். துத்தநாகப் புகையும் குரோம் புகையும் நுரையீரலுக்கு விஷம், அதோட வெல்டிலும் ஓட்டை ஓட்டையா விழும்.

நேரா சேர்க்க ஒரு ஆங்கிள் இரும்பைக் கவிழ்க்காம வி மாதிரி வச்சு அதுக்குள்ள இரண்டு துண்டையும் படுக்க வைங்க. கீறின கோடு நேர்க்கோடா சேரணும். நாலு பக்கமும் ஒரு டாக் (தற்காலிகமா பிடிக்கிற சின்னப் பொட்டு வெல்டு). எடுத்துப் பாருங்க. சரியா இருந்தா மட்டும் முழுசா அடிங்க, அதுவும் கால்வட்டம் கால்வட்டமா, எதிரெதிர் பக்கமா. ஒரே பக்கத்துல தொடர்ச்சியா அடிச்சா அந்தப் பக்கம் இழுத்துக் குழாய் வளையும். கை வெல்டிங்னா காய்ஞ்ச 7018 ராடு 2.5 மி.மீ., 80-90 ஆம்பியர். மிக் (கம்பி தானா வர்ற வெல்டிங்) இருந்தா இன்னும் சுலபம். முடிஞ்சதும் தண்ணியில முக்காதீங்க, தானா ஆறட்டும். முக்கினா வெல்டு ஓரம் கடினமாகி நொறுங்கும் தன்மை வரும். கிரைண்டரில் வழவழப்பாக்கும்போது குழாய் மட்டத்துக்குக் கீழே தேய்க்காதீங்க, அழகுக்காகப் பலத்தை இழக்க வேண்டாம்.

இதெல்லாம் இரும்புக் குழாய்க்கு. காந்தம் ஒட்டலைன்னா அலுமினியம். அதை வெல்ட் பண்ணாதீங்க, வெப்பச் செயலாக்கம் செஞ்ச அலுமினியம் வெல்டுக்குப் பக்கத்துல மெலிஞ்சுடும், வெளியே பார்த்தா தெரியாது. வார்ப்பிரும்பா இருந்தாலும் அதே பதில்தான். கிரைண்டரில் பொறி குட்டையா மங்கின சிவப்பா வந்தா வார்ப்பு, நீளமா பிரகாசமா வந்தா எஃகு.

நடைமேடை:

இவ்வளவு வேலை எதுக்கு? ஸ்டாண்டைக் காய்ச்சி கொஞ்சம் வெளியே வளைச்சுட்டா உயரம் குறையுமே? இல்லைன்னா மேலே இருக்கிற நிறுத்தக் கட்டையைத் தேய்ச்சுட்டா ஸ்டாண்ட் இன்னும் முன்னாடி போய் நிக்கும், அதுவும் உயரத்தைக் குறைக்கும்.

கோணமானி:

இரண்டுமே பண்ணலாம், பண்ணக் கூடாது.

நிறுத்தத்தைத் தேய்க்கிறதைப் பாருங்க. 285 நீள ஸ்டாண்ட் பக்கவாட்டுப் பார்வையில 15 டிகிரி முன்சாய்வில் நிக்குதுன்னா, அதை 20 ஆக்கினா கிடைக்கிறது 7 அல்லது 8 மி.மீ. உயரம். இவருக்குத் தேவை 27. அந்த அளவுக்குத் தேய்க்க பிராக்கெட்டுல இரும்பே இருக்காது. பாதமும் அஞ்சு டிகிரி கோணலா நிக்கும். எதிர்த்திசையில யோசிக்கிறவங்களும் உண்டு, நிறுத்தத்துல வெல்டு வச்சு ஸ்டாண்டை நெட்டா ஆக்குறது. அது இதைவிட மோசம். உயரமும் கூடும், முன்சாய்வும் போயிடும், வண்டி முன்னாடி ஒரு விரற்கடை உருண்டாலே ஸ்டாண்ட் மடங்கிடும்.

வெளியே வளைச்சா பாதம் அகலமா நிக்கும், சாய்வு கோணமும் நீங்க நினைச்ச அளவு அதிகமாகாது. காய்ச்சின இடம் பெரும்பாலும் மேலேதான் இருக்கும், வளைவிசை அதிகமா இருக்கிற இடம். மடக்கினா சைலன்ஸர்லயோ ஸ்விங் ஆர்ம்லயோ இடிக்கும், இல்லைன்னா இடப்பக்கம் சாய்ச்சுத் திருப்பும்போது தரையில உரசும். இறக்கின வண்டிக்கு ஏற்கெனவே தரை இடைவெளி குறைஞ்சிருக்கு. உரசுற ஸ்டாண்ட் டயரைத் தரையிலிருந்து தூக்கிடும், அந்த நேரத்துல வண்டி உங்க பேச்சைக் கேட்காது.

வெட்டாம சமாளிக்க மூணு நல்ல வழி இருக்கு. தொழிற்சாலையே தாழ்வான சீட்டோட விக்கிற அதே மாடல் இருந்தா அதுக்குத் தனி நீளத்துல ஸ்டாண்ட் இருக்கலாம், பாகப் பட்டியலில் இரண்டு பாக எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்க. இருந்தா அதுதான் முதல் தேர்வு. இரண்டாவது, நீளம் மாத்தக்கூடிய அட்ஜஸ்டபிள் ஸ்டாண்ட். மரை வச்சு நீட்டிக் குறைக்கிறதைவிட, ஓட்டையில போல்ட் போட்டுப் பூட்டுற வகை நல்லது. மரை வகை வாங்கினா லாக் நட் கண்டிப்பா இருக்கணும், மரைக்கு லோக்டைட் நீலம் (மரை தளராம பிடிக்கிற பசை) போடுங்க, இல்லைன்னா அதிர்வுல பாதம் சுத்திக்கும். மூணாவது, பழைய ஸ்டாண்ட் ஒண்ணைத் தனியா வாங்கி அதை வெட்டுறது. அசல் ஸ்டாண்ட் அப்படியே இருக்கும், நாளைக்கு லிங்கைக் கழட்டி உயரத்தைத் திரும்ப ஏத்தினா கைகொடுக்கும்.

வயரிங்:

சுவிட்ச் பத்தி யாரும் பேசலை. சைடு ஸ்டாண்ட் கட்-ஆஃப் சுவிட்ச் (ஸ்டாண்ட் இறங்கியிருக்கும்போது கியர் போட்டா எஞ்சினை அணைக்கிறது) பிவட்டுல இருக்கிற சுழல் வகையா இருந்தா குழாய் நீளம் மாறினது அதுக்குத் தெரியாது. அமுக்குற பின் வகையா இருந்தா, மடங்கின ஸ்டாண்ட்ல எந்த இடம் பின்னை அமுக்குதுன்னு பாருங்க. அந்த நாக்கு வெட்டின துண்டுக்குக் கீழே இருந்தா அது 28 மி.மீ. நகர்ந்துடும். காந்த வகையிலும் அதே. கியர்ல ஓடிட்டு இருக்கும்போது எஞ்சின் திடீர்னு அணையுறதுக்கு இது ஒரு காரணம், ஆளுக்கு ஆள் ஃபியூயல் பம்ப்பை மாத்திட்டு இருப்பாங்க.

மாட்டின பிறகு சோதனை: நியூட்ரல், எஞ்சின் ஓடட்டும், ஸ்டாண்டை மடக்கி, பாதத்தைக் கையால கீழே 10 மி.மீ. இழுத்து விட்டு ஆட்டுங்க, கிளட்ச் பிடிச்சு முதல் கியர் போட்டு அதையே திரும்பப் பண்ணுங்க. அணையக் கூடாது. கியர்ல இருக்கும்போது ஸ்டாண்டை இறக்கினா அணையணும். இரண்டும் நடக்கணும். சுவிட்சை ஒயர் போட்டு நிரந்தரமா இணைக்கிற "தீர்வு" வேண்டாம், இறங்கின ஸ்டாண்டோட கிளம்பினா முதல் இடப்பக்கத் திருப்பத்துலேயே தெரியும்.

இன்னொண்ணு, ஸ்டாண்ட் சுருங்கினா மடங்கியிருக்கும்போது பாதமும் பிவட்டை நோக்கி அவ்வளவு தூரம் முன்னாடி வரும். காலால தட்டி இறக்குற அந்தக் குட்டி நாக்கு ஃபுட்பெக்குக்கோ கியர் லிவருக்கோ அடியில ஒளிஞ்சுக்கும். பூட்ஸ் போட்டா எட்டாது. வெட்டுறதுக்கு முன்னாடியே அட்டையில பாத வடிவம் வெட்டி, மடங்கின இடத்துல 28 மி.மீ. முன்னாடி வச்சுப் பாருங்க. டபுள் ஸ்டாண்ட் ஸ்பிரிங்கில் இடிக்குதான்னும் அப்பவே தெரிஞ்சுடும்.

பிவட் போல்ட்டைப் பத்தி: பழைய கிரீஸைத் துடைச்சுப் புதுசு போடுங்க. போல்ட்டை முதல்ல மேனுவல் சொல்ற முறுக்குக்கு இறுக்கி, அப்புறம் போல்ட்டை நகர விடாம பிடிச்சுக்கிட்டு லாக் நட்டை இறுக்கணும். இரண்டுக்கும் வேற வேற அளவு. எல்லாம் முடிஞ்ச பிறகு ஸ்பிரிங் இல்லாம ஸ்டாண்ட் தன் எடையில தொங்கி ஆடணும், ஆனா பக்கவாட்டில் ஆட்டினா டக்டக்னு சத்தம் வரக் கூடாது. பக்கவாட்டு ஆட்டம் இருந்தா புஷ் தேய்ஞ்சிருக்கு. அதை மாத்தாம சாய்வு அளந்தா உங்க 10 டிகிரி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணா வரும்.

இரும்புக்குதிரை:

நன்றி எல்லாருக்கும். பலகை வச்சுப் பார்த்தாச்சு. 18-ம் 9-ம் சேர்த்து 27 மி.மீ.-க்கு 9.8 டிகிரி வருது. பிவட் புஷ்ஷில் ஆட்டம் இல்லை. நேர்பகுதியில மொபைல் வச்சா தரையோட 66 டிகிரி. பின் வகை சுவிட்ச்தான், ஆனா அமுக்குற இடம் மேலே பிராக்கெட் பக்கம்.

டபுள் ஸ்டாண்டுல ஏத்தி அளந்தேன்: பின் டயருக்கும் தரைக்கும் நடுவுல 58 மி.மீ. இருக்கு. டபுள் ஸ்டாண்ட் பாதம் பின் அச்சிலிருந்து 500 முன்னாடி.

பெட்டிகள் மாட்டி ஓட்டுறதும் உண்டு. அதுக்குத் தனியா ஏதாவது பார்க்கணுமா? பாதத்துக்கு அடியில அகலத் தகடு ஒண்ணு போடலாம்னும் ஒரு எண்ணம்.

லேத்துப்பட்டறை:

66 டிகிரி, 27 மி.மீ.: வெட்டு 29.5 வருது, பாதம் உள்ளே நகர்றதுக்குக் கழிச்சா 28. அகலத் தகடு போடுறதா இருந்தா அதோட தடிமனையும் சேர்த்து வெட்டணும். 5 மி.மீ. தகடுன்னா 33. தகட்டை முடிவு பண்ணிட்டு அப்புறம் வெட்டுங்க, தலைகீழா பண்ணினா இறக்கினதுக்குப் பலனே இல்லாம திரும்ப நெட்டுக்குத்தா நிக்கும். அகலத் தகடு வெளிப்பக்கமா ரொம்ப நீட்டாம பாருங்க, முதல்ல தரையில உரசுறது அதுதான். தகட்டோட முன் ஓரத்தைக் கொஞ்சம் மேலே வளைச்சு விடுங்க.

தவறி 4, 5 மி.மீ. அதிகமா வெட்டிட்டாலும் பதற வேண்டாம், அடியில தகடு சேர்த்தா சரியாயிடும்.

கோணமானி:

பெட்டி மாட்டினா பின்பக்கம் இன்னும் இறங்கும், பிவட்டும் கூட இறங்கும், சாய்வு குறையும். அதனால கடைசிச் சோதனை பெட்டியை நிரப்பி, நீங்க வழக்கமா வைக்கிற பிரீலோட்டில் (சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கிற அளவு) பண்ணுங்க. வெறும் வண்டிக்கு 10 அல்லது 11, பாரத்தோட 8-க்குக் குறையக் கூடாது. 7-க்கு வந்தா ஸ்டாண்டைத் தொடாதீங்க, பிரீலோட்டைக் கூட்டுங்க. பாரம் ஏத்தினா பிரீலோட் கூட்டணும்கிறது ஸ்டாண்டுக்காக இல்லைன்னாலும் செய்ய வேண்டியதுதானே.

டபுள் ஸ்டாண்ட் கணக்கு வேற. லிங்க் மாத்தினதால பின் சக்கரம் முழுசாத் தொங்கும்போதும் சேஸியை நோக்கி 35 மேலே வந்துடுச்சு, அதான் இடைவெளி அவ்வளவு. முன்பக்க இறக்கமும் பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி விடுது. தூக்குறது கனக்குறது அதனாலதான், தேவையில்லாத உயரத்துக்கு வண்டியைத் தூக்குறீங்க. 18 மி.மீ. இடைவெளி போதும்னு வைங்க, 40 மி.மீ. குறையணும். ஆனா காலில் 40 வெட்டக் கூடாது. டபுள் ஸ்டாண்டுல நிக்கும்போது வண்டி முன் சக்கரத்தை மையமா வச்சுத்தான் சாயும். டபுள் ஸ்டாண்ட் பாதம் முன் அச்சிலிருந்து 900, பின் சக்கரம் 1400. பாதத்துல 1 மி.மீ. குறைச்சா சக்கரம் 1.55 இறங்கும். 40-ஐ 1.55-ஆல வகுத்தா 26. அவ்வளவுதான் உயரம் குறைய வேண்டியது. 40 வெட்டியிருந்தா டயர் தரையில உட்கார்ந்துடும், டபுள் ஸ்டாண்ட் சும்மா தொங்கும்.

டபுள் ஸ்டாண்டோட பாதம் உருளுற மாதிரி வளைவா இருக்கும், வண்டி அது மேல உருண்டுதான் ஏறுது. அந்த வளைவைத் தொடாம காலோட நடுவுல வெட்டணும், இரண்டு காலையும் மில்லிமீட்டர் பிசகாம. ஒண்ணு 2 மி.மீ. குட்டையா போனா வண்டி நொண்டும். இந்தத் தலைவலி வேண்டாம்னா 25 மி.மீ. பலகை ஒண்ணு வைங்க. பின் சக்கரத்தை அது மேல உருட்டி ஏத்திட்டு அப்புறம் டபுள் ஸ்டாண்ட் போட்டா சுலபமா ஏறும். செயினுக்கு எண்ணெய் விட மட்டும் டபுள் ஸ்டாண்ட் பயன்படுத்துறவருக்கு இது போதும், வெட்ட வேண்டிய அவசியமே இல்லை.

லேத்துப்பட்டறை:

டபுள் ஸ்டாண்டை வெட்டலைன்னா இன்னொண்ணு: இறக்கின வண்டியில அதோட கால் தட்டுதான் இடப்பக்கத் திருப்பத்துல முதல்ல உரசும். அடியில படுத்து, வண்டியை நிமிர்த்தி வச்சு, தரையிலிருந்து அதோட உயரத்தைச் சைடு ஸ்டாண்டோட உயரத்தோட ஒப்பிட்டுப் பாருங்க.

சைடு ஸ்டாண்டுக்கு வெல்டு வேலை முடிஞ்சதும் பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வாரம் வெறும் வெல்டோடவே ஓட்டுங்க, கிரீஸ் மட்டும் தடவி. விரிசல் வந்தா துருக்கோடா தெரியும், பெயின்ட்டுக்கு அடியில தெரியாது. வெல்டு ஓரத்தை நகத்தால கீறிப் பாருங்க, பிடிபடுற கோடு இருந்தா அது விரிசல்தான், அதுக்கு மேலேயே வெல்டு அடிக்காம முழுசாத் தேய்ச்சு எடுத்துட்டுத் திரும்ப அடிக்கணும். ஸ்டாண்ட் போட்டபடி ஃபுட்பெக்குல ஏறி நிக்கிற பழக்கம் இருந்தா அதை விடுங்க. வண்டியோட 48 கிலோவோட ஆளோட பாரத்துல பெரும்பங்கும் அந்த ஒரு குழாய்க்குத்தான் வரும்.

வயரிங்:

வெட்டுற வரைக்கும் இடைக்காலத்துக்கு: மணலில் புதையாம இருக்க ஸ்டாண்டுக்கு அடியில வைக்கிற பிளாஸ்டிக் தட்டை இப்போ வைக்காதீங்க, அது ஸ்டாண்டை இன்னும் நீளமாக்கும். தரை இடப்பக்கமா சரியுற மாதிரி வண்டியைத் திருப்பி நிறுத்துங்க, மேட்டுச் சாலைன்னா மூக்கு மேட்டைப் பார்க்கட்டும், முதல் கியர்ல விட்டுடுங்க. வீட்டுல நிறுத்துற இடத்துல இரண்டு சக்கரத்துக்கும் அந்த 27 மி.மீ. பலகையையே போட்டு வச்சா வெட்டுற நாள் வரைக்கும் பிரச்சினை இல்லை.

லிங்க் மாத்தினதால ஸ்விங் ஆர்ம் கோணம் மாறியிருக்கு, செயின் தொய்வைத் திரும்பப் பார்த்தீங்களா? ஹெட்லைட்டும் இப்போ கொஞ்சம் மேலே பார்க்கும், பின்பக்கம் அதிகமா இறங்கியிருக்கு. 17 மி.மீ. வித்தியாசம் 1400 வீல்பேஸ்ல 0.7 டிகிரி. 10 மீட்டர் தள்ளி இருக்கிற சுவர்ல வெளிச்சம் 12 செ.மீ. மேலே போயிருக்கும்.

இரும்புக்குதிரை:

செயின் பார்த்தாச்சு, சரி பண்ணியாச்சு. ஹெட்லைட் யோசிக்கவே இல்லை, எதிர்ல வர்றவங்க டிப்பர் அடிச்சுக் காட்டுறது இதுக்குத்தான் போல. சைடு ஸ்டாண்ட் 28 வெட்டு, பழைய ஸ்டாண்ட் ஒண்ணு தேடி அதுல. அகலத் தகடு இப்போ வேண்டாம். டபுள் ஸ்டாண்டுக்குப் பலகை.